கூட்டுப் பாட்டில்

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரத்துணியை ஒரே ஒரு முறை உதறினால் கேட்குமே, அவ்வளவுதான். ஆனால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த தண்ணியக்காவின் கை அப்படியே நின்றது. பகல் முழுக்கச் சுவர் வழியாக வந்துகொண்டிருக்கும் ரீங்காரம் ஒரு படி இறங்கிப்போயிருந்தது. ஆறு பேர் சேர்ந்து பாடும்போது ஒருவரின் குரல்வளையை யாரோ பிடித்துவிட்டது போல.

ஆலையின் ஆறு இயந்திர அடுக்குகளில் ஒன்று நின்றுவிட்டது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தம்பி எட்டிப் பார்த்தான். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

“என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற? நம்ம நாலாவதுதான். மேகம் வந்திருக்கும்.”

“மேகம்னு யாரு சொன்னா?”

“வேற யாரு, மேகம் சார்தான்.”

அது ஆலை மேலாளருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர். எது பழுதானாலும் அவர் மேகத்தின் மேல் பழியைப் போடுவார். கேன்டீனில் காபி ஆறிப்போனாலும் மேகம்தான் காரணம் என்பார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிச் சிரிப்பார்கள்.

அவர் சொல்வதில் விஷயம் இல்லாமலும் இல்லை. வெயிலிலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலை அது. ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் வரிசை வரிசையாகச் சவ்வுகள். சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் பிறக்கும், மறுபக்கம் ஆக்சிஜன். இரண்டும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கக் கூடாத பங்காளிகள். எவ்வளவு நல்ல சவ்வாக இருந்தாலும் கொஞ்சம் ஹைட்ரஜன் அந்தப் பக்கம் கசியத்தான் செய்யும். வெயில் நன்றாக அடிக்கும்போது ஆக்சிஜன் வெள்ளமாக வருவதால் அந்தக் கசிவு கணக்கிலேயே வராது. வெயில் மங்கி மின்சாரம் குறைந்தால் ஆக்சிஜனும் குறையும். கசிவு மட்டும் குறையாது. அது நூற்றுக்கு இரண்டு பங்கைத் தொட்டதும் மீட்டர் கண்டுபிடித்து அடுக்கை நிறுத்திவிடும். அதுதான் அந்த ‘டப்’. நாலு பங்கைத் தொட்டால் ஒரு சின்னப் பொறி போதும், கூரை கூரையாக இருக்காது.

தண்ணியக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வாசல் கம்பத்தின் நிழல் மையால் கோடு போட்டது போல் தரையில் கிடந்தது. வானத்தில் துணுக்கு மேகம் இல்லை.

“டேய், வெளிய பாருடா.”

தம்பி பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “முன்னாடி எப்பவாவது வந்துட்டுப் போயிருக்கும். மீட்டரே ஒன்றரை நிமிஷத்துக்கு முந்தின கதையைத்தானே காட்டுது? வாயு அந்த நீளக் குழாயில ஊர்ந்து வந்து சேரணும்ல. நேத்துப் பேப்பரை இன்னிக்குப் படிக்கிற மாதிரி.”

“ஒன்றரை நிமிஷத்துல வந்து ஒன்றரை நிமிஷத்துல போறதுக்கு அது மேகமா, உங்க மேலாளர் ரவுண்ட்ஸா?”

தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனான். அவள் சிரிக்கவில்லை.

அடுக்குகளுக்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் அவள் பொறுப்பு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது ஒன்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். அதுவும் குடிக்கிற தண்ணீர் போதாது. உப்பு, சுண்ணாம்பு, இரும்பு என்று பேருக்குக்கூட எதுவும் இல்லாத, வடிகட்டி வடிகட்டி வெறுமையாக்கிய தண்ணீர். அப்படிப்பட்ட தண்ணீருக்குப் பசி அதிகம். எதைத் தொட்டாலும் அதில் கொஞ்சத்தைப் பிய்த்து எடுத்துக்கொண்டுதான் வரும். குழாயைத் தொட்டால் குழாயை, சவ்வைத் தொட்டால் சவ்வை. அதனால் வெளியே வரும் தண்ணீரை விசாரித்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்துவிடும். பற்பசை அட்டையில் ஃப்ளோரைடு என்று போட்டிருக்குமே, சவ்வு நைந்தால் அந்தப் பொருள் கழன்று தண்ணீரில் இறங்கும். அதன் அளவைக் காட்டும் எண் இருபதைத் தாண்டினால் அந்த அடுக்கை நிறுத்து என்பது தயாரித்த கம்பெனியின் கட்டளை.

அவள் பிழைப்பே தண்ணீர்தான். அம்மாவும் அப்பாவும் ஒரே பேருந்து விபத்தில் போனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஏழு. பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனாள். பிறகு மருந்துத் தொழிற்சாலையில் தண்ணீர்ப் பிரிவு. பெண் கேட்டு வந்தவர்களிடம், “இவனைப் படிக்க வெச்சுட்டுச் சொல்றேனே” என்றாள். அவர்கள் காத்திருக்கவில்லை. தம்பி படித்தான், அவள் தலையில் நரை விழுந்தது. இந்த ஆலை சின்னக் கொட்டகையாக இருந்த நாளிலேயே அவள் இங்கே வந்துவிட்டாள், ஒன்பது வருஷமாகிறது. அன்று காரத் தண்ணீர் நிரப்பிய பழைய தொட்டிகள்தான். கையில் ஒரு துளி பட்டால் தோல் உரியும். வெயில் கொஞ்சம் ஏறி இறங்கினாலே இயந்திரம் முரண்டு பிடிக்கும். பிறகு சவ்வு வைத்த அடுக்குகள் வந்தன. முதலில் வந்த சவ்வு தபால் அட்டை கனம். இப்போது வெங்காயத் தோல். மெலிய மெலிய மின்சாரம் மிச்சம், வாயு அதிகம் என்று இன்ஜினியர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். பொய்யில்லை. அன்றைக்கு ஒரு நாள் முழுக்க எடுத்ததை இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் எடுக்கிறார்கள். அந்த வெங்காயத் தோலுக்குப் பக்கத்தில் மணிக்கு ஒரு தடவை நடந்து குறிப்பெடுப்பது அவள் வளர்த்த பிள்ளை. அவன் மனைவிக்கு இது ஏழாவது மாதம்.

அவள் ஆறு பாட்டில்களையும் வரிசையாக நிறுத்தினாள். பக்கத்தில் அந்தப் பெரிய பாட்டிலும் நின்றது. அதை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

ஆலை முழுக்க அதற்குக் ‘கூட்டுப் பாட்டில்’ என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்பு சோதனை மருந்து வரத் தாமதமான ஒரு மாதத்தில் அவளே கண்டுபிடித்த வழி. ஓர் அடுக்கின் தண்ணீரைச் சோதிக்க நாற்பது நிமிஷம் பிடிக்கும். ஆறுக்கும் சேர்த்து அரை நாள் போய்விடும். ஆறிலிருந்தும் ஒரே அளவு எடுத்துக் கூட்டுப் பாட்டிலில் ஊற்றிக் கலக்கி, ஒரே சோதனையில் முடித்தாள். மருந்து வந்த பிறகும் அதுவே பழக்கமாகிவிட்டது. மேகம் சார் கூட்டத்தில் எழுந்து நின்று, “மூளைன்னா இது மூளை” என்று அவளுக்காகக் கை தட்ட வைத்தார். அன்று தம்பியின் கண்ணில் பெருமை பொங்கியதை அவள் மறக்கவே இல்லை.

கூட்டுப் பாட்டிலின் எண் நாலு மாதத்துக்கு முன்பு ஐந்து. பிறகு எட்டு. பதினொன்று. பதினாலு. போன வாரம் பதினேழு. இருபதுக்குள்தானே என்று ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டாள்.

இன்று கூட்டுப் பாட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, ஆறையும் தனித்தனியாகச் சோதிக்க ஆரம்பித்தாள்.

முதலாவது, நாலு. இரண்டாவது, ஐந்து. மூன்றாவது, மூன்று. அவளுக்கு மூச்சு வந்தது. வீணாகப் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டே நாலாவதை வைத்தாள். மீட்டரின் எண் ஏறியது. இருபதில் நிற்கவில்லை. ஐம்பதில் நிற்கவில்லை. எண்பத்தேழில் போய் நின்றது.

மறுபடியும் வைத்தாள். எண்பத்தேழு.

ஐந்தாவது நாலு, ஆறாவது ஐந்து. எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுத்தாள். பதினெட்டு. கூட்டுப் பாட்டிலில் ஊற்றியிருந்தால் இன்றும் பதினெட்டுதான் வந்திருக்கும். இன்றும் கையெழுத்துப் போட்டிருப்பாள். ஐந்து நல்ல அடுக்குகளின் தண்ணீருக்குப் பின்னால் ஒரு செத்துக்கொண்டிருக்கும் அடுக்கை ஒளித்து வைத்தது யாரோ இல்லை. அவளேதான்.

அடிப்பாவி, என்று அவள் தன்னைத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

மேலாளர் அறையில் அவர் அவளை உட்காரச் சொன்னார். எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்குச் சோதனை ஓட்டம் ஆரம்பிக்குதும்மா. மூணு நாள், ஒரு நிமிஷம் நிக்காம ஆறு அடுக்கும் ஓடணும். ஹைட்ரஜன் வாங்கப்போறவங்க வந்து பக்கத்துலயே உட்கார்ந்து பார்ப்பாங்க. இப்பப் போய் இதைக் கொண்டு வர்றீங்களே?”

“நாலாவதை நிறுத்திடுங்க சார்.”

“மாத்து அடுக்கு வர அஞ்சு மாசம். அஞ்சை வெச்சு ஓட்டினா சோதனை தோத்துடும். தோத்தா இந்த ஆலையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்.” குரலைத் தாழ்த்தினார். “நடுவுல நிக்காம இருக்க, நிறுத்துற எல்லையை ரெண்டுலேர்ந்து மூணரைக்கு ஏத்திக்கலாம்னு இருக்கோம். மூணு நாளைக்கு மட்டும். சவ்வு நல்லா இருக்குன்னு தண்ணி அறிக்கை இருந்தா அடுக்கு செஞ்ச கம்பெனி அனுமதி குடுக்கும்.”

“நாலுல பத்திக்குமே சார்.”

“மூணரைக்கும் நாலுக்கும் நடுவுல அரை இருக்கேம்மா.”

“அந்த அரையிலதான் சார் என் தம்பி நடந்துட்டிருக்கான்.”

அவர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, “வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க” என்றார்.

அவள் யோசித்தாள். வீட்டுக் கூடத்து மேஜையில் உட்கார்ந்து, அறிக்கைத் தாளில் ஆறு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். கீழே இன்னும் இரண்டு வரி எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது ஜன்னலில் வெயில் சிவந்திருந்தது. அழைப்பு மணி அடித்தது.

மேகம் சார் கையில் பழக்கூடையோடு நின்றார்.

தம்பி பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்த அவன் மனைவி தண்ணீர் கொடுத்தாள். “உட்காரும்மா, நீ ஏன் சிரமப்படுறே” என்று அவர் கனிவோடு சொன்னார். அந்தக் கனிவுதான் தண்ணியக்காவுக்குப் பயமாக இருந்தது.

“தம்பி, சோதனை முடிஞ்சதும் உன்னை ஷிஃப்ட் பொறுப்பாளராப் போடச் சொல்லியிருக்கேன். அக்கா சொன்னாங்களா?”

தம்பியின் முகம் மலர்ந்தது. “இல்லையே சார்!”

“வேற ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலையே. வந்ததுலேர்ந்து எழுதிட்டே இருக்கா. காதல் கடிதமோன்னு கேட்டேன், முறைச்சா.”

அவர் சிரித்தார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். இந்த வாரத்துக் கூட்டு அறிக்கை. எண் பதினெட்டு என்று முன்பே அச்சடித்திருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

“பொய் எழுதச் சொல்லலைம்மா. கூட்டிப் பாருங்க, பதினெட்டுதான் வரும். ரெண்டு வருஷமா இப்படித்தானே எழுதினீங்க?”

“என்னக்கா விஷயம்?” என்றான் தம்பி.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாலாவது அடுக்கின் எண்பத்தேழைச் சொன்னாள். கூட்டுப் பாட்டில் அதை எப்படி மறைத்தது என்று சொன்னாள். நாலு மாதமாக அவன் மணிக்கு ஒரு தடவை எதன் பக்கத்தில் நடந்திருக்கிறான் என்று சொன்னாள். சொல்லி முடித்தபோது தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அண்ணி...” என்றாள்.

“எல்லாம் வெளிய வந்தா முதல்ல கேள்வி கேக்கப்போறது உங்களைத்தாம்மா” என்றார் மேலாளர் மெதுவாக. “கலந்து பார்க்கலாம்னு கம்பெனி சொல்லல. நானும் சொல்லல.”

“கை தட்ட மட்டும் சொன்னீங்க சார்” என்றாள் தண்ணியக்கா.

தான் எழுதிய தாளை அவர் பக்கம் தள்ளினாள். ஆறு எண்கள். அதற்குக் கீழே: ‘இரண்டு வருடங்களாக ஆறு அடுக்குகளின் நீரையும் கலந்து சோதித்தது என் முடிவு. அதனால் நான்காம் அடுக்கின் பழுது மறைந்துபோனது. தவறு என்னுடையது.’ கீழே கையெழுத்து, தேதியோடு.

அவர் படித்தார்.

“இதோட உங்க வேலை போச்சும்மா.”

“தெரியும் சார். எல்லையை மட்டும் ஏத்தாதீங்க.”

மேகம் சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தானை ஏன் என்று தெரியாமல் தடவினார்.

“நீங்க கிளம்பினதுமே ஏத்தியாச்சு” என்றார்.

தம்பி மேஜையருகே வந்தான்.

“போன வாரம் நீங்க போட்ட கையெழுத்தே போதுமா இருந்தது. பதினேழு. கம்பெனிக்காரங்க உடனே அனுமதி குடுத்துட்டாங்க. இந்த வாரத்துது வர்றவங்ககிட்டக் காட்டத்தான்.”

தண்ணியக்கா எழுந்தாள். “நாலாவது... இப்ப ஓடுதா?”

“நாளைக்கு முன்னோட்டமா, ஓடட்டும்னு...”

“சார், வெயில் இறங்குது!” தம்பி கத்தினான். “காத்து எழும்ப இன்னும் நேரம் ஆகும். மின்சாரம் படுத்துக்கிற நேரம் சார் இது! போனைப் போடுங்க!”

அவர் போட்டார். இரண்டு முறை தவறாக அழுத்தினார். மூன்றாவது முறை மாலை ஷிஃப்ட்டில் இருக்கும் ஒல்லியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பின்னணியில் அந்த ரீங்காரமும் கேட்டது. அதில் ஆறு குரலும் இருந்ததைத் தண்ணியக்காவின் காது எண்ணியது.

“சொல்லுங்க சார்.”

“நாலாவது எப்படிப்பா இருக்கு?”

“ஏறிட்டிருக்கு சார். மூணு புள்ளி ஒண்ணு. மூணரைக்கு முன்னாடி தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் பார்த்துட்டே பக்கத்துல நிக்கிறேன்.”

பக்கத்தில் நிற்கிறேன் என்றதைக் கேட்டதும் அவள் போனை நோக்கிக் குனிந்தாள். மீட்டர் காட்டுவது ஒன்றரை நிமிஷத்துக்கு முந்தின கதை. இப்போது அந்தக் குழாய்க்குள் இருப்பது எவ்வளவு என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மேகம் சார் வாயைத் திறந்தார். மூடினார். நாளைய காலை ஆறு மணி அவர் தொண்டையில் சிக்கியிருந்தது.

“மூணு புள்ளி மூணு சார். என்ன பண்ணட்டும்?”

தம்பி பாய்ந்து போனைப் பிடுங்கினான். “ஒல்லியண்ணே, நான்தான்! நிறுத்துங்க! சிவப்புப் பட்டனை அடிச்சுட்டு வெளிய ஓடுங்க!”

“டேய், மேலாளர் சொல்லாம நான் எப்படிடா...”

“அண்ணே!”

காலடிச் சத்தம். ஏதோ தட்டுப்பட்டு உருண்டது. அந்தச் சில நொடிகளில் தம்பி மனைவியின் விரல்கள் தண்ணியக்காவின் மணிக்கட்டில் பதிந்தன. அந்தத் தடம் இரண்டு நாள் மறையவில்லை.

பிறகு போனுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ரீங்காரம் ஒரு படி இறங்கியது. இறங்கி, அங்கேயே நின்றது. அதற்குப் பின்னால் வேறு எந்தச் சத்தமும் வரவில்லை.

“நின்னுடுச்சு” என்றது ஒல்லியின் குரல், மூச்சு இரைக்க, வெளியிலிருந்து. “வெளிய வந்தப்பறம் வாசல் மானிட்டரைப் பார்த்தேன்டா. நின்ன பிறகும் மீட்டர் ஏறிடுச்சு. மூணு புள்ளி ஒம்போது வரைக்கும் போயிட்டு இறங்குது. சரி, பதிவேட்டுல யார் நிறுத்தச் சொன்னதுன்னு எழுதட்டும்?”

தம்பி மேலாளரைப் பார்த்தான். மேலாளர் தரையைப் பார்த்தார்.

“தண்ணியக்கா சொன்னதா எழுதிக்கோப்பா” என்றாள் அவள். “காரணம் எண்பத்தேழுன்னு எழுது. காலையில நானே வந்து விளக்கம் எழுதறேன்.”

போன் அணைந்தது. வெளியே முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட யாருக்கும் தோன்றவில்லை. தம்பி சுவரோரம் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஏழு வயதில், அந்தப் பேருந்துச் செய்தி வந்த அன்றும் அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். அவள் அருகில் போய்த் தலையில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்க்கவும் இல்லை.

மேலாளர் பதினெட்டு என்று அச்சடித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவள் எழுதியதையும் எடுத்துக்கொண்டார். அதை அனுப்புவாரா, கிழிப்பாரா என்று அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பழக்கூடை மேஜையிலேயே இருந்தது.

வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர், நாடாவைப் பிடித்தபடியே கேட்டார்.

“மீதி அஞ்சும் நல்லா இருக்கில்லம்மா?”

“இன்னிக்கு நல்லா இருக்கு சார்.”

“அஞ்சாவது எவ்வளவு?”

“நாலு.”

“போன மாசம்?”

மனசுக்குள் இரண்டு வருஷத்துப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் ஐந்தாவது அடுக்கு இல்லை. முதலாவதும் இல்லை, ஆறாவதும் இல்லை. வாரத்துக்கு ஓர் எண், அதன் கீழே அவள் கையெழுத்து. அவ்வளவுதான். எது ஏறிக்கொண்டிருக்கிறது, எது இறங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல ஒரு வரி இல்லை.

“தெரியாது சார்” என்றாள். “போன மாசம் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் ஊத்தினேன்.”

அவர் நிமிர்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படியிறங்கினார். பாதிப் படியில் அவர் போன் ஒலித்தது. அவர் எடுக்கவில்லை. அந்த ஒலி கீழே போகப் போகத் தேய்ந்தது.

தண்ணியக்கா கதவைச் சாத்தினாள்.